சோற்றுப்பானையும் இடது செருப்பும்

ஜப்பானிலிருந்து ஊர் திரும்பிய பதினோராம் நாள் காலையில் வைரக்கண்ணுவுக்கு எடை இல்லாமல் போனது. இளைத்துப்போனான் என்று நினைத்துவிடக் கூடாது. ஆறடி இரண்டங்குல உயரமும், நிலைப்படியை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு நுழைகிற தோளும், அவன் உட்கார்ந்த பிறகு தானும் தனியாக ஒரு தடவை உட்காருகிற வயிறும் இருந்தது இருந்தபடியே இருந்தன. எடை மட்டும்தான் இல்லை.

வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் அகலமான வரப்பு மாதிரிக் கிடக்கிற ஊர் கோடியளம். அந்த ஊரில் மூட்டை தைக்கிற கொட்டகையில் ஒரு பெரிய மேடைத் தராசு இருந்தது. வேறு எதில் உட்கார்ந்தாலும் உடைந்துவிடும் என்பதால் வைரக்கண்ணு அதன்மேல் போய் உட்கார்ந்தான். மூட்டை தூக்குகிற கலியபெருமாள் எதேச்சையாக முள்ளைப் பார்த்தான். முள் பூஜ்யத்தில் நின்றது.

"தராசு செத்துப்போச்சுடா," என்றான் கலியபெருமாள்.

அவனை இறங்கச் சொல்லிவிட்டு ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தார்கள். முள் எழுபத்தைந்துக்குப் போனது. மூட்டையை எடுத்துவிட்டு அவனை ஏற்றினார்கள். பூஜ்யம். அவனை உட்காரவைத்து அவன் மடியில் மூட்டையை வைத்தார்கள். எழுபத்தைந்து. அதற்குள் கொட்டகையில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஊசியைச் சாக்கில் குத்திவிட்டு எழுந்து வந்திருந்தார்கள். வைரக்கண்ணு யார் முகத்தையும் பார்க்காமல், தன் பெயர் இல்லாத கல்யாணப் பத்திரிகையைப் பார்க்கிறவன் போல, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்த தராசு மெக்கானிக் இரண்டு மணி நேரம் கழற்றி மாட்டிவிட்டு, தராசில் ஒரு பழுதும் இல்லை, பழுது ஆளில்தான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது என்றே கோடியளத்தில் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். உப்பில் வேலை செய்கிற ஊர் அது. கண்ணுக்கு முன்னால் கடல் தண்ணீர் காணாமல் போய்க் கல்லாக நிற்பதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இருந்தது இல்லாமல் போவதில் பெரிய அதிசயம் ஒன்றும் கிடையாது. அவன் பேயாக இருப்பானோ என்ற சந்தேகம் மட்டும் ஒரு வாரம் இருந்தது. நிழல் விழுகிறதா என்று பார்த்தார்கள், விழுந்தது. இரும்பாணியைக் கையில் கொடுத்துப் பார்த்தார்கள், வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். சோறு போட்டார்கள், படி அரிசிச் சோற்றைச் சாப்பிட்டான். பேய் இல்லை என்று முடிவானது. ஈர மணலில் நடந்தால் மட்டும் அவன் காலடி விழவில்லை. அவனுக்கு முன்னால் போன கோழியின் தடம் இருந்தது, பின்னால் போன ஆட்டின் தடம் இருந்தது, நடுவில் அவன் போன இடம் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

அவனுடைய அக்கா தவமணிக்கு ஊரோடு சேர்ந்து இதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் பூபாலன் முதலாளியின் உப்பளத்தில் கங்காணி. அறுபது ஆட்களை வேலை வாங்குகிறவள். அவள் மாரியம்மன் கோயிலில், தம்பியின் எடைக்கு எடை வெல்லம் தருவதாகத் துலாபாரம் நேர்ந்துகொண்டாள். வண்டியில் வெல்லம் வந்து இறங்கியது. ஒரு தட்டில் வைரக்கண்ணு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மறு தட்டில் பூசாரி, மங்கலத்துக்காக, முதலில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். தட்டு இறங்கித் தரையைத் தொட்டது. வைரக்கண்ணு மேலே போய் நின்றான். பூசாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆத்தா எலுமிச்சம்பழத்தோட திருப்தியாயிட்டா," என்று சொல்லித் திருநீறு கொடுத்தார். வெல்லத்தை ஊர்ப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.

ஆனி மாதம் சோழகக் காற்று எழுந்தபோது அவன் தெருவில் தானாக நகர்ந்தான், பாய் கட்டிய வள்ளம் போல, நின்ற நிலையிலேயே. தவமணி அவன் சட்டையில் நான்கு பைகள் வைத்துத் தைத்து, அவற்றில் ஜல்லிக்கல் போட்டு அனுப்பினாள். முதலாளி பூபாலன் நல்ல மனுஷன், எதையும் வீணாக்கப் பிடிக்காதவர். உப்பு பூக்கத் தொடங்கிய பாத்தியில் யாரும் கால் வைக்க முடியாது, வைத்தால் மேலே படர்ந்த உப்பு ஆடை உடைந்து சேறு கலந்துவிடும். காற்றில் வந்து விழும் சருகும் இறகும் செத்த தும்பியும் அங்கேயே கிடக்கும். வைரக்கண்ணுவால் அதன்மேல் நடக்க முடிந்தது. பைகளில் இருந்த கல்லை வரப்பில் எடுத்து வைத்துவிட்டு, நூற்றைம்பது கிலோ ஆள் மாதிரித் தெரிகிற அவன், காகிதம் போல மெல்லிய வெள்ளை ஆடையின்மேல் நடந்து போய்க் குனிந்து ஒரு இறகை எடுத்துக்கொண்டு வருவான். முதல் மூன்று நாள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். நான்காம் நாள் அவரவர் உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு அவரவர் பாத்திக்குப் போனார்கள். ஒரு பெண் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "கால் பாவாத மாப்பிள்ளை எங்களுக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் வைரக்கண்ணு சரி என்றான். எதற்கும் சரி என்றான். காபி ஆறிப்போனாலும் சரி, காலில் கொப்புளம் வந்தாலும் சரி. உள்ளே எதுவோ படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. அவனும் அதை எழுப்பவில்லை.

அவன் ஜப்பானுக்குப் போன கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். பத்தொன்பது வயதில் இரண்டு தோளிலும் இரண்டு மூட்டையோடு அவன் லாரி ஏறியதை, இறால் வாங்க வந்த ஒரு ஜப்பான்காரர் பார்த்தார். சுமோ என்று ஒரு மல்யுத்தம், மண் மேடையில் வைக்கோல் புரியால் வளையம் போட்டு, வளையத்துக்கு வெளியே தள்ளுகிறவனுக்கு வெற்றி. சாப்பிடுவதும் அதில் ஒரு வேலை என்று சொன்னதும் ஊரே அவனை வழியனுப்பிவைத்தது. பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்தான். குடுமி வைத்தான், மொழி கற்றான். வளையத்துக்கென்று அவனுக்கு ஒரு புதுப் பெயரும் வந்தது.

பெயர்தான் விஷயம். மற்ற பயிற்சிக் கூடங்களில் மல்லர்களுக்கு மலை என்றும் கடல் என்றும் சிங்கம் என்றும் பெயர் வைப்பார்கள். வைரக்கண்ணு போய்ச் சேர்ந்த கூடத்துக் கிழக்குருவுக்கு அது பிடிக்காது. "மலைன்னு பேர் வச்சா எதிராளி பல்லைக் கடிச்சுக்கிட்டு வருவான். அவிஞ்ச முட்டைன்னு வச்சா சிரிச்சுக்கிட்டு வருவான். சிரிக்கிறவன் கால் தரையில நிக்காது," என்பார். அதனால் அந்தக் கூடத்தில் ஒருவன் அவிந்த முட்டை, ஒருவன் கூரைப்பூனை, ஒருவன் நேற்று வாங்கிய மீன், ஒருவன் கொட்டாவி, ஒருவன் ஒற்றைக் குடை. வைரக்கண்ணு போன முதல் நாளே மரத்தொட்டியில் இருந்த சோறு முழுவதையும் தனியாகச் சாப்பிட்டு முடித்ததால் மேஷிபிட்சு ஆனான். சோற்றுப்பானை என்று அர்த்தம். அவனோடு ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு, தினமும் காலையில் நாற்பது தடவை ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளி வளர்ந்தவன் ஹிதாரிஸோரி. இடது செருப்பு என்று அர்த்தம். இடது செருப்பின் வீட்டுப் பெயர் இசாமு.

ஊருக்கு வந்த புதிதில், கொட்டகையில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, ஏன் திரும்பி வந்துட்டே என்று கேட்டார்கள். வைரக்கண்ணு ஒளிக்காமல் சொன்னான்.

"காலைப் பயிற்சி. வளையத்துக்குள்ள நானும் அவனும். சோத்துப்பானை இந்தப் பக்கம். இடது செருப்பு அந்தப் பக்கம். ஒற்றைக் குடை நடுவரா நின்னுச்சு. நான் தள்ளினேன். இடது செருப்பு மல்லாக்க விழுந்துச்சு. கொட்டாவி ஓடிவந்து தண்ணி தெளிச்சுச்சு. இடது செருப்பு எழுந்திருக்கல."

கலியபெருமாள்தான் முதலில் சிரித்தான். அவன் கெட்டவன் இல்லை. அடக்கிப் பார்த்தான், மூக்கு வழியாக வந்துவிட்டது. பிறகு தைக்கிற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். பிறகு பூபாலன் முதலாளியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சோத்துப்பானை தள்ளி செருப்பு விழுந்துச்சாம்டா!" என்று ஒருவன் தரையில் புரண்டான். வைரக்கண்ணுவுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பு முடிகிறவரை காத்திருந்தான். முடியவில்லை. மீதி இருந்த ஒரு வாக்கியத்தை, சாயங்காலம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான் என்பதை, அவன் சொன்னபோது யார் காதிலும் விழவில்லை.

அதற்கு மறுநாள்தான் அவனுக்கு எடை போனது.

அதன் பிறகு காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் அவனைக் கூப்பிட்டார்கள். "அந்தச் செருப்புக் கதையைச் சொல்லு வைரம்," என்பார்கள். அவன் சொல்வான், அதே வரிசையில், அதே குரலில், செய்தி வாசிக்கிறவன் போல. அவன் முகம் அசையாமல் சொல்லச் சொல்ல அவர்களுக்கு வயிறு வலித்தது. ஊரிலும் பட்டப்பெயர் பரவியது. தபால்காரர் ஒட்டாத ஸ்டாம்பு ஆனார், வாத்தியார் தேய்ந்த சாக்பீஸ் ஆனார், கலியபெருமாள் தனக்குத் தானே ஓட்டைச் சாக்கு என்று வைத்துக்கொண்டான். பெயர் கிடைக்காதவர்கள் வருத்தப்பட்டார்கள். அந்த வருஷம் கோடியளத்தில் சண்டைகள்கூடக் குறைந்தன, வேகாத இட்லியோடு யார் சண்டை போடுவது.

தவமணி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கதையை அவள் பதினேழு தடவை கேட்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் "வளையத்துக்குள்ள நானும் அவனும்" என்பதற்கும் "நான் தள்ளினேன்" என்பதற்கும் நடுவில், பெயர்களைச் சொல்லி முடித்ததும், தம்பி ஒரு மூச்சு அளவுக்கு நிறுத்துகிறான் என்பதைக் கவனித்திருந்தாள். ஆட்களை வேலை வாங்குகிறவளுக்கு எந்த இடத்தில் ஆள் நிற்கிறான் என்று தெரியும்.

ஒரு மத்தியானம் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்காளா?"

"இருக்காங்க. வடக்கே ஒரு மீன்பிடி ஊரு."

"சாவுக்கு வந்தாளா?"

"வந்தாங்க."

"நீ பேசினியா?"

"நான் சமையல்கட்டுல இருந்தேன்க்கா."

தவமணி சோற்றுச் சட்டியை மூடினாள். "அவளுக்கு எழுதுடா," என்றாள்.

"என்னன்னு எழுத?"

"வரச்சொல்லி எழுது."

அக்கா சொன்னால் செய்துவிடுவது அவன் பழக்கம். எழுதினான். 'என் அக்கா உங்களை வரச் சொல்கிறாள். வரும் வழி கீழே உள்ளது' என்று எழுதி, விமானம், ரயில், திருத்துறைப்பூண்டி, பஸ் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, கீழே சோற்றுப்பானை என்று கையெழுத்திட்டான். வேறொன்றும் எழுத அவனுக்குத் தோன்றவில்லை. நான்கு மாதம் கழித்து, செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று ஒரு அட்டை வந்தது.

தவமணி கொட்டகைக்குப் போய், தைத்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று, சத்தம் போடாமல் சொன்னாள்: "நீங்க சிரிக்கிற செருப்புக்கு ஒரு அம்மா இருக்கா. செவ்வாய்க்கிழமை வர்றா."

ஊசிகள் நின்றன. கலியபெருமாள் எழுந்து வெளியே போய், தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவினான், திரும்ப வந்தான், மறுபடி போய்க் கழுவினான். அந்த ஒரு வாரம் கோடியளத்தில் யாரும் யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வரப்போகிறவளை எப்படி எதிர்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் மொழி தெரியாது, அவள் சாமி தெரியாது. மாலை போடுவதா, கூடாதா? மேளம் வைப்பதா, அது எழவு வீட்டுக்குச் சமமா, கல்யாண வீட்டுக்குச் சமமா? பேசிப் பேசி ஒன்றும் முடிவாகவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில், யாரும் யாருக்கும் சொல்லாமலே, ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலில் கிடந்த செருப்புகளை எடுத்து உள்ளே ஒளித்துவைத்தார். கொதிக்கிற தெருவில் ஊரே வெறுங்காலோடு நின்றது.

பஸ்ஸிலிருந்து இறங்கியவள் அறுபது வயதுக்கு மேற்பட்ட சின்ன உருவம். தலையில் துணித் தொப்பி, கையில் ஒரே ஒரு பை. பெயர் தொமியே. நாற்பது வருஷம் மீன் தரம் பிரிக்கிற கொட்டகையில் நின்றவள், அதனால் விரல்கள் கோணியிருந்தன. வைரக்கண்ணு குனிந்து வணங்கினான், அவளும் வணங்கினாள். தெருவில் நடந்து வரும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தவள் அவனிடம் ஏதோ கேட்டாள்.

"என்னடா கேக்கிறாங்க?" என்றாள் தவமணி.

"எந்த வீட்டு வாசல்லயும் செருப்பே இல்லையே, இந்த ஊர்ல யாருமே செருப்புப் போடறதில்லையான்னு."

வைரக்கண்ணுவாகவே, அந்த அம்மாவின் மொழியில், ஊர் சிரித்ததையும் செருப்புகளை ஒளித்ததையும் அப்படியே சொன்னான். அந்த அம்மா தெரு நடுவில் நின்றாள். பிறகு சிரித்தாள். சின்னச் சிரிப்பு, இருமல் மாதிரி. அவன் அவள் சொன்னதைத் தமிழில் சொன்னான்: "மூணு வயசுல கடற்கரைக்குப் போனா ஒத்தைச் செருப்போடதான் வருவானாம். எப்பவும் இடது காலுதான் மிஞ்சுமாம். வலதைக் கடல் வாங்கிக்குமாம். கூடத்துல சேக்கும்போது, பையன் எப்படிப்பட்டவன்னு குரு கேட்டாராம், இதைத்தான் சொன்னாங்களாம். அந்தப் பேரு இவங்க கொடுத்ததுதானாம். நீங்க சிரிக்கலாமாம்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒட்டாத ஸ்டாம்பு, அதாவது தபால்காரர், தலையைக் குனிந்துகொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் வீட்டு முற்றத்தில் பூவரச மரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். வேலிக்கு வெளியே ஊர் நின்றது. தவமணி தள்ளி உட்கார்ந்து மடவை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வைரக்கண்ணு முட்டி போட்டு, கைகளைத் தொடைமேல் வைத்து, கூடத்தில் உட்காருவது போல உட்கார்ந்தான். அவர்கள் பேசியது வேலிக்கு வெளியே யாருக்கும் புரியவில்லை. பேசியது இது:

"இசாமுவுக்கு எல்லாம் இரண்டாகத் தெரிந்தது," என்றான் வைரக்கண்ணு. "பதினோரு நாளாக எனக்குத் தெரிந்திருந்தது. வளையத்துக்குள் நீ இரண்டு பேராக நிற்கிறாய், நான் இரண்டுக்கும் நடுவில் பார்த்து முட்டுகிறேன் என்பான். சிரிப்பான். நானும் சிரித்தேன். குருவிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தள்ளினேன்."

தவமணிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் எப்போதும் தம்பி நிறுத்துகிற அந்த மூச்சு இந்தத் தடவை வரவில்லை என்று தெரிந்தது. மீனை அலசிக்கொண்டிருந்த கை சட்டித் தண்ணீருக்குள்ளேயே நின்றது.

பூவரச மரத்திலிருந்து ஒரு பழுத்த இலை விழுந்தது. அந்த அம்மா அதை எடுத்து நான்காக மடித்தாள்.

"எனக்கு இருபது நாளாகத் தெரிந்திருந்தது," என்றாள். "போனில் சொன்னான். குருவிடம் சொல் என்றேன். சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இன்னும் இரண்டு வெற்றிதான், மேல் வரிசைக்குப் போய்ப் பட்டுக்கச்சை கட்டிவிடுவேன், அப்புறம் சொல்கிறேன் என்றான். சரி என்றேன். தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன், என் மகன் பட்டுக்கச்சை கட்டப்போகிறான் என்று."

மடித்த இலையைப் பாயின் ஓரத்தில் வைத்தாள்.

"எப்படித் தள்ளினாய்? காட்டு."

அவன் எழுந்தான். அவளும் எழுந்து, அவன் நெஞ்சு உயரம்கூட இல்லாத அவள், காலை அகட்டி நின்றாள். அவன் இரண்டு உள்ளங்கையையும் அவள் தோள்மேல் வைத்துத் தள்ளினான். அவள் அசையவில்லை. அவன்தான் பின்னால் வழுக்கிக்கொண்டு போனான். "இன்னும்," என்றாள். இன்னும் தள்ளினான், இன்னும் வழுக்கினான். அவள் ஒரு விரலால் அவன் வயிற்றைத் தொட்டாள். பந்து மாதிரி முற்றத்தைத் தாண்டிப் போய்ச் சுவரில் ஒட்டி நின்றான். வேலிக்கு வெளியே நின்றவர்கள் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதால் பேசாமல் பார்த்தார்கள். தொமியேவும் ஆச்சரியப்படவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள், தரம் பிரிக்கிற மேசையில் ஒரு மீனைப் பார்ப்பது போல. பிறகு அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முட்டியை மடக்கிக் குனிந்து, இரண்டு கையையும் பின்னால் நீட்டினாள். நடந்து களைத்த பிள்ளையைத் தாய் கூப்பிடுகிற விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"ஏறு," என்றாள்.

"அம்மா, வேண்டாம்."

"ஏறு."

ஏறினான். கழுத்தைச் சுற்றிக் கை போட்டான். மலையைத் தூக்கிய எறும்பு போல, உப்பு மூட்டையாக அவனைச் சுமந்துகொண்டு அந்தச் சின்ன அம்மா முற்றத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அளத்து வரப்பில் நடந்தாள். ஊர் பின்னால் நடந்தது. பாத்திகளில் வேலை செய்தவர்கள் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். முதல் வரப்பில் சும்மா நடந்தாள். இரண்டாவது வரப்பில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனாள், மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற ஏதோ ஒன்று. அவனுக்கு அது காதில் விழுந்தது, அதை அவன் கடைசிவரை யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. மூன்றாவது வரப்பில் அவள் கழுத்து நரம்பு புடைத்தது. நடை தளர்ந்தது. அவள் கால் மண்ணில் கணுக்கால்வரை இறங்கியதைப் பின்னால் வந்த கலியபெருமாள் பார்த்தான்.

"கனக்கிறேனா?" என்று கேட்டான் வைரக்கண்ணு.

"கனக்கிறாய்."

"இறங்கிவிடுகிறேன் அம்மா."

"இன்னும் கொஞ்ச தூரம்," என்றாள். நாலு அடி வைத்தாள். ஐந்தாவது அடியில் முட்டி மடங்கியது. இரண்டு பேரும் வரப்பின் மேல் சரிந்தார்கள். அவள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவன் விழுந்த இடத்தில் வரப்பு உடைந்து ஒரு சத்தம் கேட்டது. அப்படிப்பட்ட சத்தத்தை அந்த ஊர் ஏழு மாதமாக அவனிடமிருந்து கேட்கவில்லை.

தவமணி ஓடிவந்தாள். முதலில் அந்த அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, சிராய்த்த உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு தம்பியிடம் போனாள். அவன் கால் மடங்கிக் கீழே மாட்டியிருந்தது. கலியபெருமாளும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து தூக்கினார்கள். "யப்பா!" என்று கலியபெருமாள் கத்தினான், "ஆறு பேரு வேணும்டா!"

"வலிக்குதாடா?" என்றாள் தவமணி.

வைரக்கண்ணு யோசித்தான். எங்கேயோ தொலைவில் இருந்து ஒரு ஆள் நடந்து வருவதைப் பார்ப்பது போல, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வருகிறவர் யார் என்று அடையாளம் தெரிகிறவரை காத்திருந்தான்.

"வலிக்குதுக்கா," என்றான். வாய் கோணியது. "ரொம்ப வலிக்குது."

"வலிக்கட்டும்," என்றாள் அவள். சொல்லிவிட்டு அவன் தலையைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். அவன் அழுத சத்தம் பெரிதாக இருந்தது. ஊர் வெறுங்காலோடு நின்று கேட்டது.

தொமியே ஒன்பது நாள் இருந்தாள். தைக்கிற கொட்டகையில் பெண்களோடு உட்கார்ந்து சாக்கு தைத்தாள். அவள் தையல் நெருக்கமாக இருந்தது. கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வைரக்கண்ணு வாசலில் உட்கார்ந்திருந்தான். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அவளை மன்னிக்கிற இடத்தில் இருந்த மகன் இல்லாமல் போய்விட்டதால் அவளுக்கும் கேட்க ஆள் இல்லை. பூபாலன் முதலாளி பாத்தியில் இறகு பொறுக்க வேறு வழி பார்த்துக்கொண்டார்.

பத்தாம் நாள் காலை பஸ்ஸுக்கு அவன் நொண்டிக்கொண்டே அவளோடு வந்தான். பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் கேட்டாள்:

"பன்னிரண்டு வருஷம் இசாமு உன்னைச் சோற்றுப்பானை என்றுதான் சொல்லியிருக்கிறான். உன் அம்மா உனக்கு வைத்த பேர் என்ன?"

"வைரக்கண்ணு."

"வைராகன்னு," என்றாள். மறுபடி சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் அப்படித்தான் வந்தது.

பஸ் வந்து நின்றது. பையைத் தவமணி வாங்கி உள்ளே வைத்தாள். படியில் ஒரு கால் வைத்துவிட்டு அந்த அம்மா திரும்பினாள்.

"வைராகன்னு, உன் முகத்தைப் பார்க்க முடிகிறது. உன் கைகளை இன்னும் பார்க்க முடியவில்லை. எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாது."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வைரக்கண்ணு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பஸ் புறப்பட்டு, அளத்து ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு போய், வளைவில் திரும்பி, புழுதியும் அடங்குகிறவரை, கைகளை முன்னால் எடுக்காமல் அப்படியே நின்றான்.